இடி வருவதற்குள் ஏழாம் மலை

அந்த அடாப்டரை உள்ளங்கையில் வைத்தால், வேகவைத்து இறக்கிய மரச்சீனிக் கிழங்கைக் கையில் வாங்கியதுபோலச் சுடும். கறுப்பு நிறம், சோப்புக் கட்டி அளவு, ஒரு பக்கம் லேசாக உருகி வளைந்திருக்கும். அதிலிருந்து வருகிற வாடை, எங்கள் வீட்டுப் பின்புறம் கொடியில் காயும் ரப்பர் ஷீட்டின் வாடையோடு கலந்து, மழைக்கு முன்னால் அடிக்கிற வெக்கைக் காற்றில் அறை முழுக்க நிற்கும். இன்றைக்கும் எங்காவது பிளாஸ்டிக் சூடாகும் வாடை வந்தால் என் கட்டைவிரல்கள் தாமாக மடங்குகின்றன, முதுகு நிமிர்கிறது, காது மலைப் பக்கம் திரும்பிவிடுகிறது. இடி கேட்கிறதா என்று பார்க்கத்தான்.

சொல்லப்போவது ஒரு வீடியோ கேமைப் பற்றி. பக்கவாட்டில் ஓடுகிற பழைய ஆட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். ஆள் இடமிருந்து வலமாகப் போவான், திரை அவன் கூடவே நகரும், பள்ளம் வந்தால் தாண்ட வேண்டும், எதிரி வந்தால் அடிக்க வேண்டும். அந்த வகையில் பெரிய பெயர் வாங்கிய ஆட்டங்கள் பல உண்டு, அவற்றின் இசையைப் பிள்ளைகள் தூக்கத்தில்கூட முணுமுணுப்பார்கள். ஆனால் எங்கள் ஆட்டத்தைச் சொன்னால் மட்டும் "அதென்ன, கேள்விப்பட்டதே இல்லையே" என்பார்கள், எனக்குச் சுள்ளென்று வரும். கேசட்டின் மேல் ஜப்பான் எழுத்துதான் இருந்தது. அதை வாசிக்கக் குலசேகரம் பக்கம் யார் இருந்தார்கள்? தொப்பி போட்ட இரண்டு பேரை ஒரே கயிற்றில் கட்டி மலை உச்சியில் ஒரு மணியை நோக்கி ஏறவிட்டதுபோல ஒரு படம். அதனால் எங்களுக்கு அது 'கயிறு கேசட்.' இப்போது மூன்று பாகங்களையும் ஒன்றாக்கி, வாயில் நுழையாத ஒரு பெயரை வைத்து மறுபடி விற்கிறார்கள். புதிதாக ஆடப் போகிறவர்கள் எங்கே தொடங்குவது என்று என்னிடம் கேட்டார்கள். அதற்குத்தான் எழுத உட்கார்ந்தேன், கை வேறெங்கோ போகிறது.

முதல் பாகத்தில் ஒரே ஆள், கையில் கொக்கிக் கயிறு, சுரங்கம் சுரங்கமாகப் போவான். ஒரு தடவை எம்பிவிட்டால் நடு வழியில் மனம் மாற முடியாது. எம்பிய இடத்துக்குத் தக்கபடி போய் விழ வேண்டியதுதான். பொறுமைசாலிகள் ஆடுங்கள். மூன்றாம் பாகத்தில் வண்ணம் கூடிவிட்டது, பின்னால் அருவியெல்லாம் ஓடுகிறது, ஆனால் அந்தப் புண்ணியவான்கள் கயிற்றை எடுத்துவிட்டார்கள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் ஓடுகிறார்கள். அதில் தொடங்குகிறவர்களோடு எனக்குப் பேச்சு கிடையாது.

இரண்டாம் பாகத்தில் தொடங்குங்கள். அதில் இரண்டு பேர், சிவப்பு ஒருவன், நீலம் ஒருவன், நடுவில் எட்டு அடி தூரத்துக்குக் கயிறு. ஒருவன் பள்ளத்தில் விழுந்தால் மற்றவன் உடனே கீழ்ப் பொத்தானை அழுத்தி உட்கார்ந்துவிட வேண்டும். உட்கார்ந்தால் கயிறு விறைக்கும், 'கிரீச்' என்று ஒரு சத்தம் வரும், தொங்குகிறவன் ஆடி ஆடி மேலே ஏறிவிடலாம். உட்காரக் கண் இமைக்கும் நேரம் பிந்தினாலும் இரண்டு பேரும் போய்ச் சேர்வார்கள். உயிர்கள் இரண்டு பேருக்கும் பொது. மலைகள் ஏழு. ஏழாவதன் உச்சியில் தொங்குகிற மணியை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எம்பிப் பிடித்து இழுக்க வேண்டும். பாதியில் நிறுத்தி நாளைக்குத் தொடர்கிற வசதியெல்லாம் கிடையாது. பெட்டியை அணைத்தால் முதல் மலையின் அடிவாரம்தான்.

மணியை இழுத்தால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.

கேம் பெட்டியையும் கேசட்டையும் கொண்டுவந்தவர் என் அப்பா. வளைகுடாவில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிற வேலை. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மாத லீவு. எனக்குப் பதினோரு வயதான சித்திரையில் அவர் வந்து இறங்கியபோது எனக்குக் கொண்டுவந்த கவுன் முட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. அவர் போகும்போது எனக்கு எட்டு வயது, அந்த அளவையே மனசில் வைத்து வாங்கியிருக்கிறார். அம்மா சிரித்தாள், அவர் சிரிக்கவில்லை. கவுனை மடித்து மறுபடி பெட்டியில் வைத்தார். எனக்கும் அவரைத் தெரியவில்லை. மாதம் ஒரு தடவை போனில் வருகிற குரல் திடீரென்று மீசையும் வியர்வை நாற்றமுமாக வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்தால் யாருக்குத்தான் கூச்சம் வராது? ஒரு வாரம் நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசினேன்.

எட்டாவது நாள் அவர் அந்தக் கேம் பெட்டியை டிவியில் மாட்டிவிட்டு, இரண்டாவது கண்ட்ரோலைத் தரையில் வைத்துவிட்டு, யாரையும் கூப்பிடாமல் தனியாக ஆடினார். அவர் எடுத்த ஆள் சிவப்பு, ஆடிய அழகு அய்யோ! நீலக்காரன் சும்மா நிற்க, இவர் முதல் பள்ளத்திலேயே விழுந்து, விழுந்து, விழுந்து. எட்டாவது தடவையோ பத்தாவது தடவையோ எனக்குப் பொறுக்கவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து ஓடிவந்து கண்ட்ரோலை எடுத்துக் கீழ்ப் பொத்தானை அழுத்தினேன். கயிறு விறைத்து 'கிரீச்' என்றது. அப்பா என்னைத் திரும்பிப் பார்க்காமல், "பிடிச்சுக்க மக்ளே, விட்டுராத" என்றார். மூன்று வருஷத்துக்குப் பிறகு நாங்கள் ஒழுங்காகப் பேசிக்கொண்டது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு சிவப்பு எனக்கு, நீலம் அவருக்கு. எம்ப வேண்டிய இடத்தில் பொத்தானை அழுத்துவதற்குப் பதில் கண்ட்ரோலோடு சேர்ந்து அவரே எம்புவார். "சாடுகது நீங்களா, அவனா? தரை உடைஞ்சிரும்" என்று அம்மா அடுக்களையிலிருந்து கேலி செய்வாள். ஆனால் நான் விழுந்த நேரம் ஒன்றில்கூட அவர் உட்காரப் பிந்தியதில்லை. அதை மட்டும் எப்படி இவ்வளவு சரியாகச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். "அங்க நான் நிக்கது இருபதாவது மாடியில மக்ளே. இடுப்புல கயிறு கட்டியிருப்பேன். கயிறு மட்டும் போராது, மறுதலையில ஒருத்தன் முழிச்சிருக்கணும்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் பயத்தில் அன்று முழுக்க வெப்புராளமாக இருந்தது.

இனி இடிக்கு வருகிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் சித்திரை, வைகாசியில் மதியம் வரை வெயில் மண்டையைப் பிளக்கும். மூன்று மணிக்கு மேல் பேச்சிப்பாறை மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வரும். நான்கு மணிக்குள் இடி. மற்ற ஊர் இடி மாதிரி அல்ல, தென்னையை நெட்டுக்குத்தாகப் பிளந்துவிட்டுப் போகிற இடி. முதல் உறுமல் கேட்டதும் ஊர் முழுக்க ஒரே வேலைதான் நடக்கும். டிவி பிளக்கை உருவுவார்கள், ஃபிரிட்ஜ் பிளக்கை உருவுவார்கள், ஆன்டெனா வயரைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே எறிவார்கள், நிலைக்கண்ணாடிமேல் துணியைப் போடுவார்கள். எங்கள் அம்மா இதோடு நிற்காமல் வெட்டுகத்தியைத் தூக்கி முற்றத்தில் வீசுவாள், இடி இரும்பில் இறங்கட்டும் என்று. கீழத்தெரு வீட்டில் முந்தின வருஷம் டிவி வெடித்துத் திரைச்சீலை பற்றியதிலிருந்து அவள் சட்டம் கடுமையாகிவிட்டது. பிளக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் நான்தான் உட்காருவேன் என்பதால் பொறுப்பும் என் தலையில்: "ஏட்டி, முதல் இடி கேட்டா உருவிரணும். அப்பா சொன்னாரு, ஆட்டுக்குட்டி சொல்லிச்சுண்ணு வரப்பிடாது."

காலையிலேயே ஆடியிருக்கலாமே என்பீர்கள். லீவில் வந்த கல்ஃப்காரனுக்குக் காலை ஏது? மாடியில் ஒரு அறை கட்டிக்கொண்டிருந்தோம், கொத்தனார் பதினொன்று வரை அப்பாவை விடமாட்டார். பிறகு கல்ஃபில் கூட வேலை பார்க்கிறவர்களின் வீடுகளுக்குப் போய் அவர்கள் கொடுத்தனுப்பியதைக் கொடுக்க வேண்டும், அவர்கள் தாய்மாரின் கண்ணீரைக் கேட்க வேண்டும். சாப்பிட்டு உட்காரும்போது ஒரு மணி. ஏழு மலையும் ஏற மூன்று மணி நேரம் வேண்டும். எங்களுக்கும் இடிக்கும் நடுவில் இருப்பது மிஞ்சிப்போனால் இரண்டரை மணி நேரம்.

அந்த வேனலை நினைத்தால் இப்போதும் நெஞ்சு படபடக்கிறது. ஒரு கண் திரையில், ஒரு காது மலையில், இடது கை இடையிடையே அடாப்டர் மேல். மிஞ்சிச் சுட்டால் ஈரத் துணியால் ஒற்ற வேண்டும், ஒற்றும்போது அப்பா தனியாக நிற்க வேண்டும். நான்காம் மலையில் கல்லெறிகிற குரங்குகள். குரங்குக்குக் கீழே போய் நின்றால் கல் மேலே படாது என்று கண்டுபிடிக்க ஐந்து நாள் ஆயிற்று. ஐந்தாம் மலையில் காற்று. எதிரில் அடிக்கும்போது நடக்காமல் இருவரும் உட்கார்ந்துவிட வேண்டும், புதிதாக ஆடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறாம் மலையின் பாதியில் நிற்கும்போது ஒரு நாள் ஜன்னல் வெளிச்சம் சட்டென்று மங்கியது. அப்பா "ஓடு மக்ளே, ஓடு" என்றார். ஓடினோம். 'டம்' என்றது. என் கை சட்டப்படி பிளக்கை உருவிவிட்டது. இரண்டு பேரும் இருண்ட திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், வெளியே வெட்டுகத்தி முற்றத்தில் விழுகிற சத்தம் கேட்டது. இப்படி ஒரு தடவை அல்ல, இருபது தடவை நடந்தது. மறுநாள் மறுபடி அடிவாரம்.

லீவின் கடைசி நாள் வந்தது. மறுநாள் காலையில் திருவனந்தபுரத்தில் விமானம். அப்பாவின் அட்டைப் பெட்டியை மஞ்சள் நைலான் கயிற்றால் வரிந்து கட்டியாகிவிட்டது; அதன் மேல் அவர் பெயரையும் அந்த ஊர்ப் பெயரையும் நீல மையில் பெரிதாக எழுதியது நான்தான். காலையிலிருந்தே பொட்டலங்களோடு ஆட்கள். என் மகனுக்கு நார்த்தங்காய், என் மருமகனுக்கு ஏத்தங்காய் வறுத்த உப்பேரி, மூட்டுவலித் தைலம், கருவாடு. "கருவாடு மணக்கும் அம்மா, ஏர்போர்ட்டுல பிடிச்சு உள்ள போட்டிருவான்" என்று அப்பா கெஞ்சினார், கொண்டுவந்த கிழவி கேட்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு அவர் சட்டென்று எழுந்து, கொத்தனாரையும் கருவாட்டையும் அம்மாவிடம் விட்டுவிட்டு, என் எதிரில் வந்து சம்மணம் போட்டார்.

"இந்தச் சவத்த முடிக்காம நான் வண்டி ஏறமாட்டேன், கேட்டியா" என்றார்.

பெரியவர்கள் இப்படிப் பேசுவது எதற்கென்று இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது. அப்பா ஒரு வார்த்தை சொன்னால் அது வார்த்தை. அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நான் ஆட உட்கார்ந்தேன்.

அன்று எல்லாம் கூடிவந்தது. குரங்குகளைத் தாண்டினோம், காற்றைத் தாண்டினோம், ஆறாம் மலையை ஒரு உயிர்கூடப் போகாமல் தாண்டினோம். மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால், வாழ்க்கையில் முதல் தடவையாக, ஏழாம் மலையின் அடிவாரத்தில் நின்றோம். புதிய இசை, மெதுவாக ஒரு முரசு. ஏழாம் மலையில் எதிரிகளே கிடையாது, பள்ளங்கள் மட்டும்தான், ஒவ்வொன்றும் கயிற்றின் நீளத்துக்கு ஒரு அடி கூடுதல். ஒருவன் தெரிந்தே விழுந்து தொங்க வேண்டும், அவன் ஊசலாடுகிற வேகத்தில்தான் மற்றவன் அக்கரை சேர முடியும். மூன்று உயிர் போனது. ஒரே ஒரு உயிர் மிச்சம். அப்பாவின் நீலக்காரன் தொங்கினான், நான் உட்கார்ந்தேன். நான் தொங்கினேன், அவர் உட்கார்ந்தார். கடைசியில் திரையின் மேல் ஓரத்தில் மணியின் அடிப்பாகம் தெரிந்தது, தங்க நிறத்தில்.

"இன்னும் மூணு சாட்டம் மக்ளே. கிட்டிப்போச்சு!" என்று அப்பா சின்னப் பையனைப்போலக் கத்தினார்.

அப்போது என் கண் திரையை விட்டு அவருக்குப் பின்னால் போனது. அங்கே அந்தப் பெட்டி இருந்தது, மஞ்சள் கயிறும் என் கையெழுத்துமாக. இதை முடிக்காமல் போகமாட்டேன் என்றார். முடித்துவிட்டால்? மூன்று சாட்டம். மூன்று சாட்டத்தில் அவர் போய்விடுவார், இருபதாவது மாடியில் போய் நிற்பார், மறுதலையில் முழித்திருப்பது யாரென்று எனக்குத் தெரியாது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இடி, வா, ஒரே ஒரு தடவை வா என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஜன்னலில் வெளிச்சம் லேசாக மங்கியிருந்தது, அவ்வளவுதான். மலைப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

நான் பிளக்கை உருவினேன்.

திரை புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. "இடி…" என்றேன். அப்பா தலையைத் தூக்கி மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பிறகு என் கையிலிருந்த வயரைப் பார்த்தார். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மாதான், "பாத்தேளா, சொல்லாமலே உருவிட்டா. நல்ல பிள்ளை" என்றாள். அப்பா கண்ட்ரோலின் வயரை மெதுவாகச் சுற்றி வைத்தார். "போட்டும் மக்ளே" என்றார். அன்று சாயங்காலம் எங்கள் ஊரில் ஒரு துளி மழை விழவில்லை.

அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதை வெட்கமில்லாமல் சொல்கிறேன். முடியவில்லையே, இனி எப்படிப் போவார்? காலையில் கார்க் கதவு சாத்துகிற சத்தத்தில் விழித்து முற்றத்துக்கு ஓடினால் பெட்டி ஏறியாகிவிட்டது, அவர் வெள்ளைச் சட்டையும் செண்டு வாசனையுமாகப் பழையபடி யாரோ ஒருவராக நிற்கிறார். "முடிக்கல்லியேப்பா, முடிக்கல்லியே" என்று நான் அலறிய அலறலுக்கு அர்த்தம் அங்கே நின்ற யாருக்கும் விளங்கவில்லை, கேமுக்காக அழுகிறாள் என்று சிரித்தார்கள். அப்பா குனிந்து, "வந்து முடிப்போம்" என்றார். கார் நகர்ந்தபோது நான் கையைக் காட்டவில்லை. அந்தக் கையை எப்படிக் காட்டுவது?

மூன்று வருஷம் கழித்து அவர் வந்தபோது அடாப்டர் செத்துப்போயிருந்தது, கேசட்டில் பூஞ்சை பிடித்திருந்தது, எனக்குப் பதினாலு வயது, அப்பாவோடு தரையில் உட்கார்ந்து விளையாடுகிற வயது போய்விட்டது. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்கடுத்த லீவுகளிலும் அப்படித்தான்.

இப்போது நான் மஸ்கட்டில் நர்ஸ். அப்பா ஊரோடு வந்து பல வருஷமாகிறது, எழுபது தாண்டிவிட்டது, தரையில் உட்கார முட்டு விடாது. இந்த வேனலில் லீவுக்குப் போனபோது அந்தத் தொகுப்பை வாங்கி டிவியில் போட்டேன். அடாப்டர் சுடவில்லை. எந்த இடத்தில் விட்டோமோ அந்த இடத்தைப் பெட்டியே பத்திரமாக வைத்துக்கொள்கிறது. மாடியில் இடிதாங்கி வைத்துவிட்டார்கள், அம்மா வெட்டுகத்தியை எறிவதை விட்டுவிட்டாள். நான் புறப்படுகிறேன் என்று தெரிந்தும் ஒருவரும் உப்பேரியோ கருவாடோ கொண்டுவரவில்லை, எல்லாம் அங்கேயே கடையில் கிடைக்கிறதாம். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து நீலக்காரனை எடுத்துக்கொண்டார். இப்போது எம்பும்போது உடம்பு எழும்புவதில்லை, தோள் மட்டும் லேசாகத் தூக்கும். விரல் நடுங்குகிறது, உட்கார வேண்டிய இடத்தில் மட்டும் பிந்துவதில்லை.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினோம். லீவின் கடைசி நாள், பிற்பகல் மூன்று மணிக்கு, திரையின் மேல் ஓரத்தில் அந்தத் தங்க நிறம் தெரிந்தது. என் பெட்டி அவர் நாற்காலிக்குப் பின்னால் கட்டி முடித்து நின்றது. இன்னும் மூன்று சாட்டம். அன்று செய்ததைச் சொல்லிவிடலாமென்று வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா கண்ட்ரோலை மடியில் வைத்துவிட்டு, நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து, இரண்டு எட்டு நடந்து போய், டிவியின் பிளக்கை உருவினார்.

வெளியே முற்றத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"இடி கேக்கல்லியேப்பா" என்றேன்.

"அண்ணைக்கும் கேக்கல்ல, மக்ளே" என்றார்.

மறுநாள் காலையில் நான் வண்டி ஏறினேன். நீங்கள் ஆடி, அந்த மணியை இழுத்து, பிறகு என்ன வருகிறதென்று பார்த்தால், தயவுசெய்து என்னிடம் சொல்லாதீர்கள். அடுத்த லீவுக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது.